ஒரு கரண்டி சிமென்ட்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்திரண்டு. குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் குருவை மேடம் என்பார். குரு என்றால் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களுக்கென்று அங்கே சாயங்கால வகுப்பு உண்டு. டிப்ளமா முடித்துவிட்டுப் பதினெட்டு வருடமாகக் கட்டட சூப்பர்வைசராக இருக்கும் இசக்கிமுத்து அண்ணாச்சி அதில் பி.ஈ. சேர்ந்தார். மூன்றரை வருடப் படிப்புதான். கணக்குப் பேப்பர் இரண்டு அவர் காலை வாரிவிட்டதில் ஆறரை வருடம் ஓடிவிட்டது. ஏழு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் தலைகீழாக நின்றாலும் பட்டம் கிடையாது.

பேப்பரெல்லாம் ஒருவழியாகத் தேறியாகிவிட்டது. பாக்கி ப்ராஜெக்ட் ஒன்றுதான். மே ஐந்தாம் தேதிக்குள் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும்.

அண்ணாச்சி பயந்த ஆள். பயந்தவர்கள் எதையும் முன்னாலேயே முடிப்பார்கள். ஏப்ரல் நாலாம் தேதி சாயங்காலமே, கறுப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்து அச்சடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து ஜெஸிந்தா மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டார்.

“கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி மேடம்.”

மேடம் புத்தகத்தைப் புரட்டினார். கிரானைட் கல்லை மெருகேற்றும்போது வருகிற தூளை, கான்கிரீட்டில் கொஞ்சம் சிமென்டுக்குப் பதிலாகச் சேர்க்கலாமா என்பதுதான் ஆராய்ச்சி. தூளே இல்லாமல் ஒரு கலவை. நூற்றுக்குப் பத்து, பதினைந்து, இருபது என்று தூள் சேர்த்து மூன்று கலவை. ஒவ்வொன்றிலும் அரையடிக் கனசதுரக் கட்டை மூன்று வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். ஐம்பத்தேழு டன் தாங்கினால் கட்டை தேறியது. சைட்டில் இந்தக் கட்டையை ‘க்யூப்’ என்பார்கள்.

முடிவுகள் இருக்கும் பக்கத்தில் மேடத்தின் விரல் நின்றது. எழுபத்திநாலு. எழுபத்தைந்து. எழுபத்திநாலு. எழுபத்தைந்து.

“நாலுலயும் தூள் வேற வேற அளவு. பலம் மட்டும் ஒண்ணு போல இருக்கே அண்ணாச்சி?”

“அதான் மேடம் கண்டுபிடிப்பே.”

மேடம் சிரிக்கவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை.

“எனக்கு ஒரு கலவை போட்டுக் காட்டுங்களேன். இருபது சதவீதம். நான் க்யூப் வார்க்கிறதைப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

அண்ணாச்சி உடனே லேபுக்குக் கிளம்பினார். சிமென்ட் வேலை அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வாத்தியார்கள்தான் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படி அவரே நினைத்திருக்கிறார், வெளியில் சொன்னதில்லை.

லேபில் உதவியாளர் சுடலைமணி எல்லாவற்றையும் எடைபோட்டுத் தயாராக வைத்திருந்தார். ஒரு தட்டில் சிமென்ட், ஒரு தட்டில் கிரானைட் தூள், அப்புறம் மணல், ஜல்லி, வாளியில் தண்ணீர். அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொட்டினார், கலந்தார், தண்ணீர் விட்டார். கரண்டி அவர் கையில் சொன்னபடி கேட்டது. மேடம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கலவை கொஞ்சம் வெளுப்பாக வந்தது. அண்ணாச்சி கலவையைப் பார்த்தார். அவருடைய வலது கை, கரண்டியோடு, பின்பக்கம் இடது ஓரமாகப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கை காற்றில் துழாவியது.

“என்ன தேடுதீங்க அண்ணாச்சி?”

“சிமென்ட் மூட்டை மேடம்.”

“சிமென்ட் போட்டாச்சே.”

அண்ணாச்சி திரும்பித் தம் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கான்கிரீட் போடுகிற ஒவ்வொரு நாளும் சைட்டில் அதே கலவையில் க்யூப் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். க்யூப் தேறாவிட்டால் தலைவலி ஆரம்பம். ஏன், எதற்கு, யார் பொறுப்பு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வரும். அதனால் க்யூப்புக்கு எடுத்த கலவையில் மட்டும் ஒரு கரண்டி சிமென்ட் கூடப் போடுவது அண்ணாச்சி வேலை பார்த்த இடங்களில் வழக்கம். அதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கொத்தனார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பதினெட்டு வருடத்தில் அண்ணாச்சி எடுத்த க்யூப் ஒன்றுகூடத் தோற்றதில்லை. அது அவருக்குப் பெருமை.

“எல்லாத்துக்கும் போட்டிருப்பேன் மேடம்.” அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். “சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. கை அதுபாட்டுக்குப் போட்டிருக்கு.”

“சரி.”

“நாலு கலவைக்கும் ஒண்ணு போலத்தானே போட்டிருப்பேன்? அப்ப ஒப்பிட்டுப் பாக்கிறதுல தப்பு வராதுல்லா?”

“ஒண்ணு போலயா?”

அண்ணாச்சி மறுபடியும் கலவையைப் பார்த்தார். தூள் கூடக் கூடக் கலவை வெளுக்கும். வெளுத்தால் கைக்குப் பொறுக்காது. தூளில்லாததுக்குக் கால் கரண்டி, பத்துக்குப் பாதிக் கரண்டி போயிருக்கும். பதினைந்துக்கு ஒன்று. இருபதுக்கு ஒன்றரை. நாலும் ஒன்றுபோலத் தாங்கியதன் ரகசியம் அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, கட்டடத்துக்கும் அந்தக் கரண்டி போச்சா?”

மேடம் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. மழை பெய்யுதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். சுடலைமணி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அறைக்குத் திரும்பியதும் மேடம் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைத் திறந்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“போடச் சொன்னா போடுதேன்.”

அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். இன்றைக்கு நாலு. நாளைக்கே வார்த்தாலும் இருபத்தெட்டாவது நாள் மே மூன்று. ஐந்தாம் தேதி கடைசி. நடுவில் ஒரே ஒரு நாள். அதற்குள் உடைத்து, எழுதி, அச்சடித்து, அட்டை போட வேண்டும். ஒரு மெஷின் நின்றாலும் போயிற்று. ஆறரை வருடம், வாரத்தில் நாலு சாயங்காலம், சைட்டிலிருந்து குளிக்காமல் ஓடிவந்த பஸ் எல்லாம் போயிற்று. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“திரும்பப் போட்டு ஏதாவது தப்பிப்போச்சுன்னா?”

“தப்பலாம்.”

“பெயரை எடுத்துருவாங்க மேடம்.”

“எடுத்துருவாங்க.”

“நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க மேடம். உங்க கையிலதான் இருக்கு.”

“என் கையில பேனாதான் இருக்கு அண்ணாச்சி. கரண்டி உங்க கையில.”

அண்ணாச்சி புத்தகத்தை மூடி, பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் பன்னிரண்டு க்யூப்பும் வார்த்தார். வேலை தொடங்கும் முன் சுடலைமணியிடம், எடைபோட்டது போக மிச்சமுள்ள சிமென்ட் மூட்டையை வெளியே கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டச் சொன்னார். இருபது சதவீதக் கலவையைக் கலக்கும்போது அது சோகை பிடித்த பிள்ளை மாதிரி வெளுத்துக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கை ஊறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அச்சில் அள்ளிப் போட்டார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. காத்திருக்கத் தெரியாத மனிதரைக் காத்திருக்கச் சொல்வதைப்போல் கொடுமை வேறில்லை. அண்ணாச்சி தினமும் மூன்று தடவை சுடலைமணிக்குப் போன் போட்டார். தொட்டியில் தண்ணி இருக்கா? யாராவது வேற க்யூப்பை மேல தூக்கிப் போட்டுட்டாங்களா? நம்பர் அழியாம இருக்கா? சோறு இறங்கவில்லை. சைட்டில் கம்பி கட்டுகிறவர்களிடம் எரிந்து விழுந்தார். வீட்டில் யாரும் அவரிடம் தேதி கேட்பதில்லை.

பதினோராம் நாள் மேடத்திடம் போய் நின்றார்.

“சீக்கிரமா பலத்தைத் தெரிஞ்சுக்க வழி இருக்குன்னு படிச்சேன் மேடம். புதுசா ஒரு க்யூப் வார்த்து சுடுதண்ணியில போட்டா ஒண்ணு ரெண்டு நாள்லயே சொல்லிருமாமே?”

“சொல்லும். இருபத்தெட்டாம் நாள் இது என்ன சொல்லும்னு, அது ஊகமா சொல்லும்.”

“அது போதுமே மேடம்.”

“அந்த ஊகத்தைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்வீங்க?”

அண்ணாச்சி யோசித்தார். நல்லபடியாக வந்தால், அது பொய்யாகிவிடுமோ என்று பயப்படலாம். மோசமாக வந்தால், இப்போதே பயப்படலாம். வேறு எதுவும் செய்வதற்கில்லை. வந்த வழியே திரும்பிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் மேடம் தொட்டிப் பக்கமாக வந்தபோது, அண்ணாச்சி ஒரு க்யூப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“கெட்டிப்பட்டிருக்கான்னு பாத்தேன் மேடம்.”

“தினமும் பாக்கீங்களோ?”

“ஆமா.”

“அதை உள்ள வைங்க. நீங்க பாக்காத நேரத்துலயும் அது வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க என்ன செஞ்சீங்க இத்தன நாளா?”

“நான் என்ன செய்ய? ரிசல்ட் வந்தாத்தானே எழுத முடியும்?”

“பன்னிரண்டு கட்டைக்கு ரிசல்ட் வந்தாச்சே.”

எந்தப் பன்னிரண்டு என்று அண்ணாச்சி கேட்கவில்லை. க்யூப்பை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். கை முழங்கை வரை நனைந்து சொட்டியது.

“அதை எழுதினா என் பேரு கெட்டுரும் மேடம். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை நிக்காது. சைட்ல இப்படித்தான் நடக்குன்னு எழுத்துல யாராவது கொடுப்பாங்களா?”

“எழுதுங்கன்னு நான் சொல்லலையே. ரிசல்ட் வரலைன்னீங்க. வந்திருக்குன்னு சொன்னேன்.”

மேடம் வகுப்புக்குப் போய்விட்டார். அண்ணாச்சிக்கு அவர் மேல் கோபம் வந்தது. சின்ன வயசு, சைட்டுப் பக்கம் வந்தே இருக்கமாட்டாள், ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம் என்றெல்லாம் மனசுக்குள் பொருமினார். அந்த அறையில் ஏசி கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

நாலு நாள் பொருமியபின் எழுத உட்கார்ந்தார். ‘முதல் சுற்றில் வார்த்த கட்டைகளில், எடைபோட்ட அளவுக்கு மேல், கையால் சிமென்ட் சேர்க்கப்பட்டது’ என்று எழுதினார். ‘சேர்க்கப்பட்டது’ என்பதை அடித்துவிட்டு ‘சேர்த்தேன்’ என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. எவ்வளவு சேர்த்தார் என்று ஒரு கரண்டிச் சிமென்டை எடைபோட்டுப் பார்த்து, தோராயமாகத்தான் சொல்ல முடிகிறது என்பதையும் எழுதினார்.

மே மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மெஷின் ஓடியது. தூளில்லாத கட்டை மூன்றும் சராசரியாக அறுபத்தெட்டு டன் தாங்கின. பத்து சதவீதம், அறுபத்துமூன்று. அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. பதினைந்து சதவீதக் கட்டையில் முள் ஐம்பதைத் தாண்டியதும் மெதுவாக நகர்ந்தது. தேற வேண்டிய ஐம்பத்தேழைத் தொடாமல், ஐம்பத்தைந்தில் படக்கென்று விரிசல் விட்டது. இருபது சதவீதம் நாற்பத்துநாலிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது.

பதினெட்டு வருடத்தில் அவர் கையால் வார்த்த க்யூப் தோற்று அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இருபது சதவீதம் வரைக்கும் சேர்க்கலாம்னு நிரூபிக்கத்தானே மேடம் ஆரம்பிச்சேன்? பாதியிலேயே படுத்துருச்சே. இனி முடிவுன்னு என்ன எழுத?”

“எவ்வளவு தாங்குச்சோ அத எழுதுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அண்ணாச்சி இந்தப் படிப்பே.”

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். பிரிண்டர் காகிதத்தைத் தின்றது, அட்டை போடுகிறவர் கடையைப் பூட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பந்தியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். ஐந்தாம் தேதி மூன்றரை மணிக்குப் புத்தகம் மேடத்தின் மேஜைக்கு வந்தது. தங்க எழுத்தெல்லாம் இல்லை. மேடம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். நாலு மணிக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். அண்ணாச்சி வாசல்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பதுக்கு மேடம் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலை நரைத்தவர். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் அட்டவணையில் நின்றார். அதில் இரண்டு வரிசை. ஒன்று, கூடுதல் சிமென்ட் போட்டது. மற்றது, போடாதது.

“இந்த முதல் வரிசை எதுக்கு? இதை விட்டுட்டே கொடுத்திருக்கலாமே.”

அண்ணாச்சி மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து உதவி வராது என்று தெரிந்தது.

“அது நான் பதினெட்டு வருஷமா செஞ்சது சார்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். அட்டவணையை மறுபடி வாசித்தார். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. மதிப்பெண் ஒன்றும் வாரி வழங்கிவிடவில்லை. ஆனால் அண்ணாச்சி தேறிவிட்டார். பெயர் தப்பித்தது.

எல்லோரும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். சுடலைமணி லட்டு வாங்கிவந்தார். அண்ணாச்சியும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார், இனிப்புத் தெரியவில்லை. மேடம் வண்டியை எடுக்கப் போகும்போது பின்னாலேயே போனார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“முடிச்சுட்டா இந்தப் பயம் போயிரும்னு நெனச்சேன். முடிச்சாச்சு. போகலையே. முன்ன எனக்கு ஒரு பயம்தான், பட்டம் கிடைக்குமா கிடைக்காதான்னு. இப்ப அது போய் வேற ஒண்ணு வந்து உக்காந்திருக்கு.”

மேடம் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார்.

“நாளைக்கு சைட்ல மூணாவது மாடிக்குக் கான்கிரீட். க்யூப் எடுக்கணும். கரண்டி கூடப் போட மாட்டேன். அப்ப கலவையில ஒரு குறை இருந்தா க்யூப் காட்டிக்கொடுத்துரும். மணல்ல ஈரம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, ஒவ்வொண்ணையும் நானே பக்கத்துல நின்னு பாத்தாகணும். பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் இந்தக் கை நடுங்கினதில்ல மேடம். நேத்துலேர்ந்து நெனச்சாலே நடுங்குது. பதறாத காரியம் சிதறாதும்பாங்க. இந்த நடுக்கத்தோட எப்படி வேலை பாக்க? இதைப் போக்க ஒரு வழி சொல்லுங்க.”

“மூணாவது மாடியில என்ன வரப் போகுது?”

“ஆஸ்பத்திரி மேடம் அது. மூணாவது மாடியில பிரசவ வார்டு.”

“அப்ப நடுங்கட்டும் அண்ணாச்சி.”